இரவோடு இரவாக மாறிய அழைப்புத் திரை: ஹேக்கா, அப்டேட்டா?

கேள்வி, 22 ஆகஸ்ட் 2025

நேற்று வரை போன் வந்தால் மேலே தள்ளி எடுப்பேன். இன்று காலை பக்கவாட்டில் தள்ளச் சொல்கிறது. எண் போடும் பலகை, பேசிய எண்களின் பட்டியல் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. நான் எந்த அப்டேட்டும் கொடுக்கவில்லை. ரெட்மி போன். வங்கிச் செயலி அதில்தான் இருக்கிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

22 ஆகஸ்ட், காலை 9.40

யாரும் புகவில்லை. வங்கிச் செயலியை அழிக்க வேண்டாம், போனை ரீசெட் செய்யவும் வேண்டாம். மாறியது கூகுளின் போன் செயலி, அதாவது நாம் டயலர் என்று சொல்வது. ரெட்மி மட்டுமில்லை. ரியல்மி, ஒப்போ, விவோ, ஒன்பிளஸ், மோட்டோரோலா என்று பல நிறுவனங்களின் பல மாடல்களில் கூகுள் டயலர்தான் இருக்கிறது. இன்று காலை என் தங்கை போனில் இதே திரை, எதிர் வீட்டு அண்ணன் போனிலும் இதே திரை. அதனால்தான் இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம்.

உங்கள் போனில் எந்த டயலர் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அழைப்பைப் பதிவு செய்யும்போது "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இரண்டு பக்கமும் ஒரு குரல் கேட்குமே, அப்படிக் கேட்டால் பெரும்பாலும் அது கூகுளுடையது.

22 ஆகஸ்ட், காலை 11.15

"அப்டேட்டே கொடுக்கவில்லையே, எப்படி மாறும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு அப்டேட் என்று போன் கேட்டு, நாம் சரி சொல்லி, போன் அணைந்து எழுவது ஒரு வகை. இது அந்த வகையில்லை. ஆண்ட்ராய்டின் 16ஆம் பதிப்பு ஜூன் 10 அன்று கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்கு வந்தது. உங்கள் போனில் இன்னும் பழைய ஆண்ட்ராய்டே இருக்கலாம், அப்போதும் இந்தப் புதிய திரை வரும். ஏனென்றால் டயலர் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது, தானாகப் புதுப்பித்தல் பெரும்பாலான போன்களில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அந்த அப்டேட்டுக்குள் புதிய திரை முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டு, காட்டாதே என்பதைச் சொல்லும் சுவிட்ச் மட்டும் கூகுளின் சர்வரில் இருந்தது. இப்போது அதைப் போட்டுவிட்டார்கள். நீங்கள் எதையும் நிறுவாத நாளில் திரை மாறியதற்குக் காரணம் அதுதான்.

இது இன்று தொடங்கிய பழக்கமும் இல்லை. ஆண்ட்ராய்டை ஒரே மூட்டையாக அனுப்பினால் ஒவ்வொரு போன் நிறுவனமும் அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி மாற்றி வெளியிட மாதக்கணக்கில் ஆகும். அதனால் கூகுள் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துத் தனியே அனுப்பத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது சிஸ்டத்தின் உள்பகுதிகள் சிலவற்றைக்கூட பிளே ஸ்டோர் வழியாகவே சரிசெய்ய ஏற்பாடு செய்தார்கள். பாதுகாப்புக் கோளாறுகளை வேகமாக அடைக்க அது மிக நல்ல ஏற்பாடு. அதே குழாயில் திரையின் தோற்றமும் வருகிறது என்பதுதான் சிக்கல்.

22 ஆகஸ்ட், பகல் 2.30

பழையதுக்குத் திரும்பும் வழி. போன் ஐகானை அழுத்திப் பிடித்தால் ஆப் இன்ஃபோ என்று வரும், உள்ளே போய் மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் அப்டேட்டுகளை நீக்கு. அவ்வளவுதான். ஒன்பிளஸ் நிறுவனமும் எக்ஸ் தளத்தில் இதே வழியைத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனால் அழுத்துவதற்கு முன் இரண்டு விஷயம். செயலியின் தரவு எல்லாம் போய்விடும் என்று ஒரு எச்சரிக்கை வரும். பேசிய எண்களின் பட்டியலும் தொடர்பு எண்களும் டயலருக்குள் இல்லை, சிஸ்டத்தில் தனியாக இருக்கின்றன, ஆகவே அவை போகாது. அழைப்புப் பதிவுகள் அப்படியில்லை, அவை டயலரோடு சேர்ந்தவை. நிலத் தகராறு, வாடகைப் பேச்சு, மறைந்துபோன ஒருவரின் குரல் என்று எதையாவது பதிவு செய்து வைத்திருந்தால் முதலில் அதை உங்களுக்கே வாட்ஸப்பிலோ மெயிலிலோ பகிர்ந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் "நீக்கு, நீக்கு" என்று மட்டும் எழுதும் பதிவுகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீக்கிய பிறகு பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியில் தானாகப் புதுப்பிப்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது மறுபடியும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு புதுத் திரையோடு வந்து நிற்கும்.

22 ஆகஸ்ட், இரவு

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு: இந்தியாவில் விற்கும் சாம்சங்கில் பொதுவாக அவர்களின் சொந்த டயலர்தான், ஆகவே உங்களுக்கு மாறியிருக்காது. ஐபோனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

23 ஆகஸ்ட்

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வேர்ட் வந்தது: "போன் திரை மாறியவர்கள் உடனே எல்லா ஓடிபியையும் நிறுத்துங்கள், உங்கள் பேச்சு கேட்கப்படுகிறது." சித்தப்பா அதைப் படித்துவிட்டு போனையே அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். பக்கத்து ஊரில் ஒரு மொபைல் கடையில் இந்தத் திரையைக் காட்டி "வைரஸ் எடுக்க" 200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கொடுத்தவர் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன். கடைக்காரர் செய்தது மேலே நான் சொன்ன அதே அப்டேட் நீக்கம்தான். அந்த 200 ரூபாய் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்படிப் பயந்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பத்திரிகை என்றும் வாகன அபராதம் என்றும் வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியே ஒரு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியவர்களின் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கும் காலம் இது. போனில் நாம் செய்யாத ஒரு மாற்றம் நடந்தால் சந்தேகப்படு என்றுதான் வங்கியும் போலீசும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள்தான் நேற்று பயந்தார்கள்.

"பழைய திரைக்கு இங்கே சொடுக்கவும்" என்று எந்த லிங்க் வந்தாலும் தொடாதீர்கள். அப்படி எதையாவது நிறுவிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்குமோ என்று சந்தேகமா, *#21# போட்டுப் பாருங்கள், நிலை என்ன என்று திரையில் வரும். திருப்பிவிடல் எல்லாவற்றையும் ரத்து செய்ய ##002#.

24 ஆகஸ்ட்

"புதிய வடிவத்தை எதிர்ப்பதே வேலையா? ஆய்வு செய்துதான் மாற்றியிருப்பார்கள்" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். செய்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தப் புதிய தோற்றத்தின் பெயர் மெட்டீரியல் 3 எக்ஸ்பிரசிவ். மே மாதம் அறிவித்தார்கள். 46 ஆய்வுகள், 18,000 பேருக்கு மேல் பங்கேற்பு என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முக்கியமான பட்டனைப் பெரிதாக்கி, நிறம் கொடுத்து, இடம் மாற்றி வைத்தபோது மக்கள் அதை நான்கு மடங்கு வரை வேகமாகக் கண்டுபிடித்தார்களாம். வயதானவர்களும் இளையவர்களுக்கு ஈடாகக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அதில் வருகிறது. பக்கவாட்டில் தள்ளச் சொல்வதற்கும் காரணம் சொல்கிறார்கள்: பாக்கெட்டிலிருந்து போனை வெளியே எடுக்கும்போது கை பட்டு அழைப்பு தானாக ஏற்கப்படுவதும் கட் ஆவதும் குறையும். உண்மைதான். சட்டைப்பையிலிருந்து மேல்நோக்கி உருவும்போது விரலும் மேல்நோக்கித்தானே போகிறது.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் என் பக்கத்தில்தான் நிற்கிறேன். அந்த நான்கு மடங்குக் கணக்கில் அளந்தது கண் தேடும் வேகம். ஒரு திரையைப் பார்க்கும் ஒருவர் எது எங்கே இருக்கிறது என்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார் என்பது. போன் எடுப்பதில் கண்ணுக்கு என்ன வேலை? அடுப்பில் ஒரு கை, போனில் ஒரு கை. தூக்கத்தில் இருட்டில் தலையணைக்குப் பக்கத்தில் தடவி எடுக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பை நடுங்கும் கையோடு எடுக்கிறோம். அங்கே யாரும் திரையைப் படிப்பதில்லை, பல வருடப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாக மேலே போகிறது. வீட்டு வாசல் தாழ்ப்பாளை யாரோ ராத்திரியில் வந்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றி வைத்தால், புதுத் தாழ்ப்பாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இருட்டில் வெளியே ஓட வேண்டியவர் சுவரைத்தான் தடவுவார்.

ஒரு கேமரா செயலியின் பட்டன் மாறினால் ஒரு படம் போகும். கேம் மாறினால் எரிச்சல், அவ்வளவுதான். அழைப்பை எடுக்கும் செயல் அந்த வகையில் சேராது, அதைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். முன்பே ஒரு அறிவிப்பு, "இப்படி மாறப் போகிறது, இப்போது பழகிப் பார்க்கிறீர்களா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா" என்று தமிழில் ஒரு கேள்வி, பழையபடியே வைத்துக்கொள்ள ஒரு பட்டன். கேட்பது இவ்வளவுதான்.

24 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

"இலவசமாகக் கொடுக்கிற செயலி, கேட்க என்ன உரிமை?" என்றொரு பதில். போன் இலவசமில்லை. 15,000 ரூபாய் கொடுத்து வாங்கிய போனில் அழைப்பை எடுப்பதற்கு என்று வந்த செயலி அது, நான் தேடிப் போய் இறக்கிக்கொண்டதில்லை.

26 ஆகஸ்ட்

அத்தை விஷயத்தை எழுத வேண்டும், ஏனென்றால் அது என் யோசனையைக் கொஞ்சம் திருப்பியது.

அத்தைக்கு விரல் மூட்டுகளில் வாதம். நேற்று பார்க்கப் போயிருந்தேன், பழைய திரையை மீட்டுக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு. புதிய டயலரின் மேலே தேடும் பட்டையில் மூன்று கோடு இருக்கிறது, அதைத் தொட்டால் செட்டிங்ஸ், அதற்குள் உள்வரும் அழைப்புக்கான சைகை என்று ஒரு இடம். அங்கே இரண்டு தேர்வு: பக்கவாட்டில் தள்ளுவது, அல்லது ஒரே தொடலில் எடுப்பது. நீக்குவதற்கு முன் சும்மா அந்த இரண்டாவதை வைத்து, என் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். பச்சை பட்டனைத் தொட்டார், எடுத்துவிட்டது. "இது நல்லா இருக்கேப்பா, இழுக்க வேண்டாமே" என்றார். மேலே தள்ளும்போது பாதியில் விரல் நின்றுவிடும், இரண்டு மூன்று தடவை தள்ளுவார், அதற்குள் மணி நின்றுவிடும் என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை நாளாக அதை யாரிடமும் சொல்லவில்லை. கட் செய்யும் சிவப்பு பட்டன் பெரிதாகியிருப்பதும் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே அவர் போனில் புதியதையே விட்டுவிட்டு வந்தேன்.

எனவே 22ஆம் தேதி நான் எழுதிய நீக்கும் வழியை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். முதலில் இந்த ஒற்றைத் தொடலை வைத்துப் பாருங்கள், முக்கியமாக வீட்டில் கை நடுக்கம், மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால். பிடிக்கவில்லை என்றால் பிறகு நீக்கலாம். அப்டேட்டை நீக்கி, தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்திவிட்டால் இனிமேல் வரும் பிழைத்திருத்தங்களும் வராது, அது சின்ன விலை இல்லை.

ஆனால் பாருங்கள், அத்தைக்கு உதவிய அந்தத் தேர்வு எத்தனை அடுக்குக்குள் இருக்கிறது. அவரே தேடிப் போயிருக்க வழியே இல்லை. முதல் நாள் முதல் அழைப்புக்கு முன் "தள்ளுவதா, தொடுவதா?" என்று பெரிய எழுத்தில் கேட்டிருந்தால் நான் போய்ச் சேரும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல வேலையைச் செய்துவிட்டு அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை அதிகமாகிறது.

30 ஆகஸ்ட்

பட்டியல் பற்றி ஒரு சண்டை மேலே ஓடுகிறது. முன்பு ஒரே ஆள் தொடர்ந்து நான்கு தடவை அழைத்தால் ஒரே வரியில் பெயருக்குப் பக்கத்தில் (4) என்று இருக்கும். இப்போது நான்கு வரி. பிடித்தவர்கள் எண்களும் சமீபத்தியவையும் ஹோம் என்ற ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன, தொடர்பு எண்கள் அந்த மூன்று கோட்டுக்குள் போய்விட்டன.

எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. மச்சான் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர், முகூர்த்த நாளில் அவருக்கு எந்தக் கல்யாண வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு மிஸ்டு கால் வந்தது என்பது முக்கியம், வரிசையாக இருப்பது வசதி என்கிறார். என் தங்கைக்குத் தலைவலி. அவள் ஒரே ஆளோடு நாளெல்லாம் பேசுகிறவள், பட்டியல் முழுக்க ஒரே பெயர். தொடர்பு எண்களை உள்ளே தள்ளியது மட்டும் எனக்கும் பிடிக்கவில்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் தேடும் பெட்டியில் தட்டச்சு செய்ய மாட்டார்கள், படத்தையும் முகத்தையும் பார்த்துத் தொடுவார்கள். அவர்களுக்கு ஒரு வழி: அடிக்கடி அழைக்கும் ஐந்தாறு பேரைப் புகைப்படத்தோடு பிடித்தவர்களில் சேர்த்துவிடுங்கள், ஹோம் பக்கத்தின் மேலேயே வரிசையாக நிற்பார்கள்.

16 செப்டம்பர்

நேற்று ஐபோன்களுக்கான புதிய இயங்குதளம் ஐஓஎஸ் 26 வெளியாகிவிட்டது. கண்ணாடி மாதிரி மின்னும் பட்டன்கள் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் அலுவலக நண்பரின் ஐபோன் 13ஐ வாங்கி நேராகப் போன் செயலியைத் திறந்தேன்.

அங்கேயும் அதே மாற்றம் வந்திருக்கிறது! பிடித்தவர்கள், சமீபத்தியவை, வாய்ஸ்மெயில் எல்லாம் ஒரே பக்கத்தில். அதே கோடையில் இரண்டு நிறுவனங்களும் ஒரே யோசனைக்கு வந்திருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், ஆப்பிள் அதில் கிளாசிக், யூனிஃபைடு என்று இரண்டு தேர்வை வைத்திருக்கிறது. பழையபடி வேண்டுமா, கிளாசிக்கைத் தொடு, முடிந்தது. இதைக் கேட்க என்ன உரிமை என்று ஆகஸ்டில் என்னிடம் வாதாடியவர்கள் தயவுசெய்து அதைப் போய்ப் பாருங்கள்.

ஆப்பிள் எப்போதும் இப்படி நடந்துகொள்கிறது என்று சொல்ல வரவில்லை. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது செயலியைத் திறக்கையில் திரை பாய்ந்து பெரிதாகும் அசைவால் தலைசுற்றல், குமட்டல் என்று பலர் புகார் செய்தார்கள், அதை நிறுத்தும் வசதி அடுத்த மாதம் 7.0.3இல்தான் வந்தது. 2023இல் ஐஓஎஸ் 17 சோதனைப் பதிப்பில் கட் செய்யும் சிவப்பு பட்டனை வலது ஓரத்துக்கு நகர்த்தினார்கள், சோதித்தவர்கள் சத்தம் போட்டார்கள், வெளியீட்டுக்கு முன்பே அது நடுவுக்குத் திரும்பியது. சத்தம் போட்டால் பலன் உண்டு என்பதற்கு இதைச் சொல்கிறேன். கூகுள் டயலரின் அந்த மூன்று கோட்டுக்குள் கருத்து அனுப்பும் இடம் இருக்கிறது. இங்கே எழுதியதை அங்கேயும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

17 செப்டம்பர்

ஐபோன் எக்ஸ்ஆர் வைத்திருக்கும் தம்பிக்கு: உங்கள் போனுக்கு ஐஓஎஸ் 26 வராது. ஐபோன் 11 முதல்தான். அதற்காக இப்போதே போன் மாற்றத் தேவையில்லை.

12 அக்டோபர்

தீபாவளிக்கு அப்பா அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்கப் போவதாக மூன்று பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கடையில் கேமராவைப் பார்க்கும் முன் டயலரைத் திறந்து, கூகுளுடையதா நிறுவனத்தின் சொந்தமா என்று பாருங்கள். இப்போது அவர்கள் வைத்திருக்கும் போனில் எது இருக்கிறதோ அதே வகை கிடைத்தால் பாதி வேலை குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய போனை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வாரம் பக்கத்தில் இருக்கட்டும். புதியதில் தள்ளுவது, தொடுவது இரண்டையும் வைத்து நீங்கள் அழைத்து, அவர்கள் கையால் எடுக்கச் சொல்லி, எது வருகிறது என்று பார்த்து அதை வையுங்கள். நமக்குப் பிடித்ததை அவர்கள் போனில் வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடக் கூடாது.

பல போன்களின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதிக்குள் பவர் பட்டனால் அழைப்பை முடிக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கட் செய்யத் திரையைத் தேடவே வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் போதும். மணி அடிக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்தினால் சத்தம் மட்டும் அடங்கும், அழைப்பு கட் ஆகாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கோயிலில் மணி அடித்தால் பதறி எதையாவது அழுத்துகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. இந்த இரண்டும் போனின் உடம்பில் இருக்கும் பட்டன்கள், எந்தத் திரை அப்டேட்டிலும் இடம் மாறாது.

பார்வை இல்லாதவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் இயங்கும்போது இரண்டு விரலால் இருமுறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம், முடிக்கலாம். வாங்கும் மாடலில் அது சரியாக வேலை செய்கிறதா என்று கடையிலேயே ஒரு அழைப்பு போட்டுப் பார்த்துவிடுங்கள்.